வீட்டு மீடியா சர்வரைக் கலைத்து மறுபடி கட்டணுமா? டேட்டா பாதுகாப்புக்கு முதலில் செய்ய வேண்டியது என்ன?

2025 செப்டம்பர் 26-ம் தேதி, தென் கொரியாவின் டேஜான் நகரில் உள்ள அரசு டேட்டா சென்டரில் தீ விபத்து. லித்தியம் பேட்டரியில் பிடித்த தீ சர்வர் அறைக்குப் பரவ, நூற்றுக்கணக்கான அரசு இணையச் சேவைகள் முடங்கின. அவற்றில் பலவற்றைப் பிறகு மீட்டுவிட்டார்கள். மீட்க முடியாமல் போனது, அரசு ஊழியர்கள் அலுவலக ஃபைல்களைச் சேமித்து வைத்திருந்த 'ஜி-டிரைவ்'. மொத்தம் 858 டெராபைட். அளவு மிகப் பெரியது என்பதால் வெளியே இன்னொரு காப்பி வைக்கவில்லை என்பதுதான் அந்நாட்டு அரசு சொன்ன காரணம்.

வீட்டில் மீடியா சர்வர் வைத்திருப்பவர்களிடம் பேக்கப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இதே பதில்தான் வரும். 12 டெராபைட் இருக்கு, இதுக்கெல்லாம் எங்கே போய் பேக்கப் எடுக்கிறது?

மீடியா சர்வர்னா என்ன?

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒரு பழைய டெஸ்க்டாப்பிலோ, 'நாஸ்' என்று கடையில் கிடைக்கும் சின்னப் பெட்டியிலோ நாலு ஹார்ட் டிஸ்க்கை மாட்டி, ப்ளெக்ஸ், ஜெல்லிஃபின் மாதிரி ஒரு சாஃப்ட்வேரைப் போட்டால் அதுதான் மீடியா சர்வர். அதில் இருக்கும் படங்களை ஹால் டிவியிலும் பார்க்கலாம், கையில் இருக்கும் செல்போனிலும் பார்க்கலாம்.

படம் பார்க்கத்தான் எல்லோரும் தொடங்குவார்கள். போகப் போக, போன் நிறைஞ்சுபோச்சு என்று குடும்பப் போட்டோக்களும் அங்கேயே போய்ச் சேரும். 2021 ஜூன் 1-ம் தேதியோடு கூகுள் போட்டோஸ் அளவில்லாத இலவச சேமிப்பை நிறுத்தியதும் இதற்கு ஒரு காரணம். அப்புறம் அப்பா அம்மா கல்யாண கேசட்டை டிஜிட்டலாக மாற்றிய வீடியோ, வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன்... இப்படி ஒவ்வொன்றாக ஏறும். பொழுதுபோக்குக்கு வாங்கிய பெட்டி, யாரும் முடிவெடுக்காமலேயே வீட்டின் பீரோவாக மாறியிருக்கும்.

ஒருநாள் ஒரு டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' சத்தம் வரும். இல்லாவிட்டால் விவரம் தெரிந்த நண்பர் ஒருவர், "என்னது, ரெய்டு போடலையா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அப்போதுதான் இந்தக் கேள்வி எழும். இருப்பதை அப்படியே விடுவதா? எல்லாவற்றையும் அழித்துவிட்டு பாதுகாப்பாகப் புதிதாகக் கட்டுவதா?

'ரெய்டு' எதிலிருந்து காப்பாற்றும்?

ரெய்டு என்றதும் வருமான வரித்துறை ஞாபகம் வரலாம். இது வேற. பல டிஸ்க்குகளை ஒரே டிஸ்க் போலச் சேர்த்து, ஒன்று செத்தாலும் டேட்டா போகாமல் பார்த்துக்கொள்ளும் முறை. 1988-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வந்த பெயர்.

நாலு டிஸ்க், ஒவ்வொன்றும் 4 டெராபைட் என்று வைத்துக்கொள்வோம். 'ரெய்டு-5' போட்டால் 12 டெராபைட் கிடைக்கும், ஒரு டிஸ்க் போனால் தாங்கும். 'ரெய்டு-6' போட்டால் 8 டெராபைட்தான், ஆனால் இரண்டு போனாலும் தாங்கும். இழக்கும் இடத்தில் 'பேரிட்டி' என்ற கணக்கு விவரம் எழுதப்படுகிறது. மூன்று எண்களும் அவற்றின் கூட்டுத்தொகையும் தெரிந்தால், ஒரு எண் அழிந்துபோனாலும் கண்டுபிடித்துவிடலாம் இல்லையா? கிட்டத்தட்ட அந்த மாதிரி.

டிஸ்க் சாவது எவ்வளவு சகஜம்? லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் தன் கணக்கைத் தொடர்ந்து வெளியிடுகிறது. 2024-ல் அங்கே டிஸ்க்குகள் பழுதான விகிதம் 1.57 சதவீதம். அதே விகிதத்தை நாலு டிஸ்க்குக்கு 5 வருடம் போட்டுப் பார்த்தால், ஒன்றாவது போவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 27 சதவீதம். அதாவது நாலில் ஒன்றுக்கும் கொஞ்சம் மேல். அதுவும் ஏசி அறையில், சீரான கரண்டில் ஓடும் டிஸ்க்குகளின் கணக்கு. மின்வெட்டும் வெயிலும் சேர்ந்த நம் வீட்டுக்கு அதைவிட நல்ல விகிதத்தை எதிர்பார்க்க முடியாது.

ஆக, ரெய்டு தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அது ஒரே ஒரு ஆபத்துக்கு மட்டும்தான் கவசம்: டிஸ்க் பழுதாவது. தவறிப்போய் ஒரு ஃபோல்டரை டெலீட் பண்ணினால், அந்த டெலீட் எல்லா டிஸ்க்கிலும் சேர்ந்தே நடக்கும். ரான்சம்வேர் புகுந்தாலும் அப்படித்தான். 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்ற ரான்சம்வேர், இணையத்துக்குத் திறந்து வைக்கப்பட்டிருந்த க்யூநாப் நாஸ் பெட்டிகளுக்குள் நுழைந்து ஃபைல்களைப் பூட்டியது. திறக்க 0.03 பிட்காயின் கேட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில், வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'மை புக் லைவ்' பெட்டி வைத்திருந்த பலர், யாரோ தொலைவிலிருந்தே ரீசெட் செய்து எல்லாவற்றையும் அழித்திருப்பதைக் கண்டார்கள். அந்தப் பெட்டிக்கு 2015-க்குப் பிறகு அப்டேட்டே வரவில்லை. திருட்டு, தீ, வெள்ளம் என்று வந்தால் நாலு டிஸ்க்கும் ஒரே பெட்டியோடு போய்விடும்.

முதலில் பிரியுங்கள்

அதனால் எந்த ரெய்டு என்பது இரண்டாவது கேள்வி. உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, போனால் திரும்பக் கிடைப்பது எது, கிடைக்காதது எது என்று பிரித்துப் பாருங்கள்.

சினிமாவும் சீரியலும் போனால் வருத்தம்தான், ஆனால் டிவிடி இருக்கு, இல்லையென்றால் ஓடிடி-யில் இருக்கு. குழந்தையின் முதல் நடை வீடியோ எங்கேயும் கிடைக்காது. கல்யாண கேசட்டைப் பரணிலிருந்து எடுத்தால் இப்போது பூஞ்சை பிடித்திருக்கும். டிஜிட்டல் காப்பிதான் இனி அசல். பலர் மறந்துவிடும் இன்னொன்று, சர்வர் சாஃப்ட்வேரின் செட்டிங்கும் டேட்டாபேஸும். அளவில் சின்னது, ஆனால் யார் எதுவரை பார்த்தார்கள் என்பதும், வருடக்கணக்கில் சரிசெய்த பெயர்களும் போஸ்டர்களும் அதில்தான் இருக்கின்றன.

பிரித்து முடித்ததும் ஒரு விஷயம் தெரியும். 12 டெராபைட்டில் திரும்பக் கிடைக்காதது பெரும்பாலும் சில நூறு ஜிபி-தான். 400 ஜிபி என்றால், 1 டெராபைட் எக்ஸ்டர்னல் டிஸ்க் இரண்டு போதும். ஒன்று வீட்டில், வேலை முடிந்ததும் கழற்றி பீரோவில். இன்னொன்று அக்கா வீட்டிலோ ஆபீஸ் டிராயரிலோ. மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். வெளியே போகும் டிஸ்க்கை வெராகிரிப்ட் போன்ற ஒன்றால் பூட்டிவிடுங்கள். பாஸ்வேர்டை எழுதி வீட்டில் இன்னொருவரிடமும் கொடுங்கள்.

மூன்று காப்பி, இரண்டு வகை சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பிரபலமாக்கிய '3-2-1' விதி இதுதான். சென்னையில் 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு, கிரவுண்ட் ஃப்ளோரில் இருக்கும் பெட்டியின் கதி என்னாகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இந்த வேலைக்கு சர்வரைத் தொடவே தேவையில்லை. கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், முதல் செலவு இதற்குத்தான் போகணும். ரெய்டுக்கு டிஸ்க் வாங்குவது அதற்குப் பிறகு.

அப்போ எப்போதான் கலைத்துக் கட்டணும்?

நாலு டிஸ்க்கையும் 'ரெய்டு-0' என்ற முறையில் சேர்த்திருந்தால், யோசிக்க வேண்டாம். அதில் ஒவ்வொரு ஃபைலும் துண்டு துண்டாக எல்லா டிஸ்க்கிலும் பரவியிருக்கும். ஒன்று செத்தால் மொத்தமும் காலி. கலைத்துத்தான் ஆகணும்.

பழைய ரெய்டு-5-ல் பெரிய டிஸ்க்குகள் ஓடிக்கொண்டிருந்தால் நிலைமை கொஞ்சம் சிக்கல். ஒரு டிஸ்க் போனதும் புது டிஸ்க் மாட்டி மீட்கும்போது, மிச்சமுள்ள மூன்றையும் தலைமுதல் கால்வரை படிக்க வேண்டும். நம் உதாரணத்தில் அது 12 டெராபைட். சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில், 12.5 டெராபைட் அளவுக்குப் படித்தால் ஒரு இடத்தில் படிக்க முடியாமல் போகலாம் என்றுதான் வரம்பு போட்டிருப்பார்கள். நிஜத்தில் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே உழைக்கும், பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் நாலும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை, வயதும் ஒன்று என்றால், மீட்கும் அந்த நேரத்தில் இரண்டாவதும் மடங்கினால் தடுக்க ஒன்றும் இருக்காது. அடுத்த முறை டிஸ்க் மாற்றும்போது ரெய்டு-6 பக்கம் போவது நல்லது.

டிஸ்க்கின் வகையையும் பாருங்கள். 'எஸ்எம்ஆர்' என்பது ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் தொழில்நுட்பம். படம் போட்டு வைக்க ஓகே. ரெய்டு மீட்பில் தொடர்ந்து எழுதும்போது திணறி, மணிக்கணக்கில் முடிய வேண்டியது நாள்கணக்காகும். நாஸ்-க்கு என்றே விற்ற சில 'ரெட்' மாடல்களில் இந்த வகை இருப்பதை 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டலே ஒப்புக்கொண்டது. மாடல் நம்பரைப் போட்டுத் தேடினால் தெரிந்துவிடும்.

சத்தமில்லாமல் ஃபைல் கெடுவதும் ஒன்று உண்டு. இசட்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டம்கள் ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் வைத்து, அவ்வப்போது 'ஸ்க்ரப்' என்ற சோதனையில் கெட்டதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும். முந்தைய நிலையை அப்படியே உறைய வைக்கும் ஸ்னாப்ஷாட் வசதியும் இருப்பதால், தவறி டெலீட் செய்ததை மீட்கலாம். இதற்காகக் கலைத்துக் கட்டுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் போட்டால் மட்டும் போதாது, ஓட்டணும். பிரபல யூடியூப் சேனலான லைனஸ் டெக் டிப்ஸ், இசட்எஃப்எஸ் சர்வர்களில் வைத்திருந்த பழைய வீடியோக்கள் பெருமளவில் கெட்டுப்போனதாக 2022 ஜனவரியில் சொன்னது. ஸ்க்ரப் ஓடும்படி அவர்கள் செட் பண்ணவே இல்லை!

இடம் போதவில்லை என்பது மட்டும்தான் பிரச்சினையா? அதற்குக் கலைக்க வேண்டாம். இசட்எஃப்எஸ்-ல் ஏற்கெனவே இருக்கும் ரெய்டு தொகுப்பில் ஒரே ஒரு டிஸ்க்கைச் சேர்க்கும் வசதி, 2025 ஜனவரியில் வந்த ஓபன் இசட்எஃப்எஸ் 2.3-ல் இருந்து கிடைக்கிறது. ஒரு பேரிட்டியை இரண்டாக மாற்ற மட்டும் இதில் முடியாது. டிஸ்க்குகள் தனித்தனியாக, வேறு வேறு அளவில் இருந்தால் 'ஸ்னாப்ரெய்டு' என்ற இலவச சாஃப்ட்வேர் போதும். இருக்கும் எதையும் ஃபார்மட் செய்யாமல், இருப்பதிலேயே பெரிய டிஸ்க் அளவுக்கு ஒன்று வாங்கி பேரிட்டிக்கு விட்டால் வேலை முடிந்தது. கடைசியாக 'சிங்க்' செய்ததற்குப் பிறகு போட்ட ஃபைலுக்கு மட்டும் பாதுகாப்பு இருக்காது. ஒருமுறை போட்டால் மாறாத சினிமா ஃபைல்களுக்கு இது நல்ல பொருத்தம்.

கலைக்கும் அந்த நாள்தான் ஆபத்து

டேட்டாவைக் காப்பாற்ற எடுக்கும் முயற்சியிலேயே டேட்டா போவது, இந்த வேலையில் சகஜமாக நடக்கும் விபத்து. புது முறையில் கட்ட டிஸ்க்குகளை அழிக்கணும். அதுவரை 12 டெராபைட்டும் எங்கே இருக்கும்? வேறு டிஸ்க் வாங்கக் காசில்லாமல், ஓடும் ரெய்டிலிருந்து ஒரு டிஸ்க்கைக் கழற்றி அதில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும் வித்தையைச் சிலர் சொல்லித்தருவார்கள். அந்த நேரத்தில் உங்களிடம் ஒரே காப்பி, பாதுகாப்பு பூஜ்யம். மொத்தத்தையும் தாங்கும் அளவுக்குத் தனி டிஸ்க் வாங்கவோ இரவல் வாங்கவோ முடியாவிட்டால் தள்ளிப்போடுங்கள்.

நேரத்தையும் கணக்கில் வையுங்கள். சாதாரண கிகாபிட் கேபிளில் விநாடிக்கு 110 எம்பி வேகம் கிடைத்தால், 12 டெராபைட் நகர 30 மணி நேரம். திரும்பக் கொண்டுவர இன்னொரு 30. நடுவில் கரண்ட் போகாமல் இருக்க யூபிஎஸ் அவசியம்.

காப்பி ஆனதும் அது சரியாக இருக்கிறதா என்று செக்சம் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். சில ஃபைல்களைத் திறந்தும் ஓட்டிப் பாருங்கள். 'டாய் ஸ்டோரி 2' தயாரிப்பில் இருந்தபோது 1998-ல் யாரோ கொடுத்த ஒரு தவறான கமாண்டால் படத்தின் ஃபைல்கள் பெருமளவில் அழிந்தன. பிக்ஸார் பேக்கப்பை எடுத்துப் பார்த்தால், அது பல நாளாகச் சரியாகவே பதிவாகவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மனின் கம்ப்யூட்டரில் இருந்த காப்பிதான் கைகொடுத்தது. அவ்வளவு பெரிய ஸ்டூடியோவுக்கே அந்த நிலைமை.

இன்னும் ஒன்று. பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் நம்பரையும் வெளியே தெரியும்படி ஸ்டிக்கர் ஒட்டி எழுதிவிடுங்கள். செத்த டிஸ்க்கை எடுப்பதாக நினைத்து உயிரோடு இருப்பதை உருவிவிட்டால், ரெய்டு-5-ல் அந்த நிமிடமே மொத்த சர்வரும் நின்றுவிடும்.