பெண்டு எடுப்பதற்கு முன்

பழைய மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் கோணிக்கொண்டால் குற்றம் எப்போதும் வளைந்த ஃபோர்க் மீது அல்ல. அதைக் கண்டுபிடிக்கத் தேவை ஒரு கண்ணாடித் துண்டு, கொஞ்சம் நூல், நிறையப் பொறுமை.

ஹேண்டில் பாரை நேராகப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் போகிறது. வண்டியை நேராக ஓட்டினால் ஹேண்டில் வலப்பக்கம் திரும்பி நிற்கிறது. பழைய புல்லட்டோ ஜாவாவோ வைத்திருப்பவர்களுக்கு இந்த நோய் புதிதல்ல. நடைபாதை விளிம்பில் ஓர் இடி, மூடாத குழியில் ஒரு குதி, மழை நாளில் ஒரு சறுக்கல் போதும். வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு வந்துவிடும்: ஃபோர்க் பெண்டு, மாற்ற வேண்டும், அல்லது பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்த வேண்டும்.

புது வண்டி என்றால் இந்தத் தீர்ப்பு தவறானாலும் நஷ்டம் பணத்தோடு போகும். அரை நூற்றாண்டைக் கடந்த வண்டிக்கு அப்படியில்லை. கழற்றி எறியும் ஃபோர்க்குக்கு மாற்று கிடைக்காமல் போகலாம். அவசரத்தில் நிமிர்த்திய ஃபோர்க் ஓட்டுபவரின் உயிருக்கே உலை வைக்கலாம். வேடிக்கை என்னவென்றால், இப்படித் தண்டனை பெறும் ஃபோர்க்குகளில் பல வளைந்தவையே அல்ல. பிடியில் முறுக்கிக்கொண்டவை, அவ்வளவுதான்.

மைக்ரானில் அளந்த ஊர்

பெங்களூரில் ஓசூர் சாலையை ஒட்டி, கோரமங்களாவுக்கும் வில்சன் கார்டனுக்கும் பக்கத்தில் இருக்கும் அடுகோடிக்கு இரும்பின் நுணுக்கம் பழக்கமான சங்கதி. 1951இல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி – மைகோ என்றால்தான் பலருக்குப் புரியும் – தன் ஆலையை இங்குதான் அமைத்தது. நாட்டின் மோட்டார் சைக்கிள்களில் செருகப்பட்ட ஸ்பார்க் பிளக்குகளில் மைகோ என்ற பெயரைப் பார்க்காத மெக்கானிக் இருக்க முடியாது. ஆலையின் இன்னொரு தயாரிப்பான டீசல் பம்ப்பில் உருளைக்கும் அதனுள் ஓடும் தண்டுக்கும் இடையே விடப்படும் இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனில் அது மிகச் சிறு பங்கு.

2008இல் நிறுவனத்தின் பெயர் பாஷ் லிமிடெட் ஆனது. உற்பத்தி பிடதிக்கு இடம்பெயர்ந்தது. 2022 ஜூனில் பழைய வளாகம் தொழில்நுட்ப மையமாகத் திறக்கப்பட்டது. தமிழும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் அடுகோடியில் இன்று கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவர்களே அதிகம் கண்ணில் படுகிறார்கள். பழைய வண்டிகளை ஆசையாக வாங்கி நிறுத்துபவர்களிலும் இவர்கள் உண்டு. வண்டி வாங்கப் பணம் இருக்கிறது. பொறுமையாக அளந்து பார்த்து வேலை செய்யும் கையைத் தேடுவதுதான் பெரிய பாடு.

இரண்டு குழாய், ஒரு தலைவலி

இரண்டாம் உலகப் போர்க் காலத்தின் பிஎஸ்ஏ எம்20, நார்ட்டன் 16எச் போன்ற ராணுவ வண்டிகளில் இருந்தது கர்டர் ஃபோர்க். சட்டம் போன்ற அமைப்பு, நடுவே ஒரு ஸ்பிரிங். ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் குழாய்களும் உள்ளே எண்ணெயும் கொண்ட டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கை 1935இல் பிஎம்டபிள்யூ தன் ஆர்12, ஆர்17 வண்டிகளில் கொண்டுவந்தது. 1941இல் மேட்ச்லெஸ் ஜி3எல் அதே வழியில் வந்தது. போருக்குப் பிறகு ஏறக்குறைய எல்லோரும் பின்பற்றினார்கள். 1955இல் சென்னையில் உருவான என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட்டும், 1961 முதல் மைசூரில் தயாரான ஜாவாவும், அதன் வாரிசான யெஸ்டியும் இந்த வகைதான்.

இதன் அமைப்பு எளிது. இரு பக்கமும் இரண்டு ஃபோர்க் பைப்புகள். மேலே ஒரு பிடி, நடுவே டி-ஸ்டெம் என்று மெக்கானிக்குகள் சொல்லும் இன்னொரு பிடி. கீழே இரண்டையும் இணைப்பது சக்கரத்தின் ஆக்ஸில் மட்டுமே. இந்தப் பிடிகள் பைப்புகளை இறுக்கிப் பிடித்திருக்கின்றனவே தவிர, பற்றவைக்கப்படவில்லை. பக்கவாட்டில் அடி விழும்போது பைப்பு வளைவதற்கு முன்பே பிடிக்குள் நழுவித் திரும்பிவிடலாம். ஒரு பைப்பு சற்று முன்னே, மற்றது சற்றுப் பின்னே. பார்வைக்கு இது வளைவு போலவே தெரியும்.

சின்ன நழுவல் எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு ஒரு கணக்கு. இரு பைப்புகளுக்கும் இடையே 18 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒன்று மற்றதைவிட 2 மி.மீ. மட்டும் முன்னே தள்ளி நிற்கிறது. 65 செ.மீ. குறுக்களவுள்ள சக்கரத்தில் முன் ஓரத்துக்கும் பின் ஓரத்துக்கும் இடையே 7 மி.மீ. கோணல் வந்துவிடும். பைப்பில் கண்ணுக்குத் தெரியாதது சக்கரத்தில் பளிச்சென்று தெரியும்.

நூலும் கண்ணாடியும்

கெட்டிக்கார மெக்கானிக் முதலில் ஃபோர்க்கைத் தொடுவதில்லை. மற்ற சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்கிறார். செயின் இறுக்கும்போது பின்சக்கரத்தை ஒரு பக்கம் அதிகம் இழுத்திருக்கலாம். ரிம் மாற்றி ஸ்போக் கட்டியவர் சக்கரத்தை நடுவில் நிறுத்தாமல் விட்டிருக்கலாம். ஹேண்டில் பாரே வளைந்திருக்கலாம். கழுத்தில் உள்ள கோன் செட் தேய்ந்து ஆடலாம். இவற்றில் ஒன்று காரணமாக இருந்தால் ஃபோர்க்கைக் கழற்றுவது வீண் வேலை.

அடுத்தது நூல். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்டயரைச் சுற்றி நூல் கட்டி, இரு பக்கமும் முன்டயர் வரை இழுத்துப் பிடிக்க வேண்டும். முன்டயர் ஒல்லியாக இருந்தால் இடைவெளி விழும். அது இரு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும், டயரின் முன் ஓரத்திலும் பின் ஓரத்திலும் மாறக் கூடாது. கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் அதே நூல், அதே நியாயம்.

நூலும் ஃபோர்க்கையே காட்டினால் சக்கரத்தையும் மட்காரையும் கழற்றிவிட்டு, இரு பைப்புகளுக்கும் குறுக்கே ஒரு தடித்த கண்ணாடித் துண்டை வைக்கிறார்கள். பைப்புகள் ஒரே தளத்தில் இருந்தால் கண்ணாடி அசையாமல் படியும். முறுக்கியிருந்தால் கால் சரியில்லாத மேசைபோல ஆடும். கண்ணாடியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு: நல்ல தட்டைக் கண்ணாடியைப் போலச் சமதளமான பொருள் இத்தனை மலிவாகக் கிடைப்பதில்லை.

கண்ணாடி ஆடினால் அடுத்து வேண்டியது ஸ்பேனர்தான். டி-ஸ்டெம்மின் கிளாம்ப் போல்ட்டுகள், மேல் நட்டுகள், மட்கார் தாங்கிகள் அனைத்தையும் தளர்த்த வேண்டும். பைப்புகளைக் கையால் நகர்த்தி, கண்ணாடி படியும் இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு சக்கரத்தை மாட்டி, ஆக்ஸிலை இறுக்கி, முன்பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கை நாலைந்து முறை அமுக்கி விட வேண்டும். பைப்புகள் தமக்குரிய இடத்தில் தாமே உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகுதான் மற்ற போல்ட்டுகளை இறுக்குவது. முதலிலேயே எல்லாவற்றையும் இறுக்கினால் கோணலையும் சேர்த்து இறுக்கியதாகிவிடும்.

புல்லட்டில் ஒரு கூடுதல் எச்சரிக்கை உண்டு. அதன் ஃபோர்க் பைப்புகளின் மேல்முனை, ஹெட்லைட் உட்கார்ந்திருக்கும் பெரிய வார்ப்புத் தலையோடு இணைகிறது. போல்ட்டைத் தளர்த்தாமல் முன்சக்கரத்தைக் கால்களுக்கிடையே பிடித்து ஹேண்டிலை முரட்டுத்தனமாக முறுக்குவது பல இடங்களில் உள்ள பழக்கம். அடியெல்லாம் அந்தத் தலையில் போய் விழும். வார்ப்பு உலோகம் இரும்புக் குழாயைப்போல வளைந்து கொடுக்காது, வெடிக்கும்.

உண்மையிலேயே வளைந்திருந்தால்

எல்லாவற்றையும் தளர்த்திய பிறகும் கண்ணாடி ஆடினால் பைப்புகளை வெளியே எடுக்க வேண்டியதுதான். தட்டைக் கண்ணாடி மீது உருட்டினால் நேரான பைப்பு சீராக உருளும், வளைந்தது தூக்கித் தூக்கிப் போடும். டயல் கேஜ் இருந்தால் அளவே சொல்லிவிடும். ஆனால் ஒரு முழுச் சுற்றில் அது காட்டும் எண் உண்மையான வளைவைப் போல் இரண்டு மடங்கு. இதை மறந்து பயந்துபோகிறவர்கள் உண்டு. வளைவு பெரும்பாலும் டி-ஸ்டெம்முக்குச் சற்றுக் கீழே இருக்கும். முன்னிருந்து வரும் இடி அதிகமாக வளைக்கப் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

மெல்லிய வளைவை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் எடுக்கலாம். நிபந்தனைகள் மூன்று. ஒன்று, பைப்பைச் சூடாக்கக் கூடாது. கேஸ் அடுப்பில் காட்டினால் வேலை சுலபமாகும். ஆனால் எஃகின் பலம் குறையும், குரோம் உரியும். இரண்டு, இரும்பின் மீது இரும்பை அமுக்கக் கூடாது. மரக்கட்டையோ அலுமினியமோ இடையில் வேண்டும். மூன்று, கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கி ஒவ்வொரு முறையும் உருட்டிப் பார்க்க வேண்டும். எஃகு விட்டவுடன் கொஞ்சம் திரும்பி வரும். அந்தத் திரும்பலைக் கணித்து அமுக்குவதுதான் கைப்பக்குவம்.

எல்லா வளைவையும் எடுக்க முடியாது. பைப்பில் மடிப்பு விழுந்திருந்தால், விரிசல் தெரிந்தால், ஏற்கெனவே ஒருமுறை நிமிர்த்தியது மறுபடி வளைந்திருந்தால் அது பழைய இரும்புக் கடைக்கு உரியது. டி-ஸ்டெம்மில் விரிசல் இருந்தாலும் அதே கதிதான். இங்கே பழமை மீதுள்ள பாசத்துக்கு இடமில்லை. முன்ஃபோர்க் ஓடும்போது முறிந்தால் ஓட்டுபவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைப்பது அபூர்வம்.

மூலப் பொருளின் மதிப்பு

2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி விண்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறையை அறிவித்தது. 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவத்திலேயே பராமரிக்கப்படும், பெரிய மாற்றங்கள் செய்யப்படாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு இது பொருந்தும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள். நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்துகள் இடம்பெறும். இப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாம், அன்றாடப் பயன்பாட்டுக்கு அல்ல.

மூல வடிவம் என்பது இப்போது ரசிகர்களின் பிடிவாதம் மட்டுமல்ல. வண்டியோடு பிறந்த ஃபோர்க்குக்கு உள்ள மதிப்பு வேறு வண்டியிலிருந்து பிடுங்கி மாட்டிய ஃபோர்க்குக்கு வராது. உதிரிப் பாகங்களுக்குப் பெயர்போன ஜே.சி. ரோட்டில் தேடினாலும், சிவாஜிநகர் குஜிரியில் கிளறினாலும், கிடைப்பது பெரும்பாலும் புதிய நகல் அல்லது இன்னொரு விபத்திலிருந்து வந்த பழையது. மைசூர் ஆலை 1996இல் மூடிவிட்டது. பழைய பிரிட்டிஷ் ஆலைகள் பல அதற்கும் முன்பே கதவடைத்தன. 2018இல் ஜாவா என்ற பெயர் திரும்பி வந்தது. ஆனால் புது வண்டியின் ஃபோர்க் பழைய வண்டிக்குப் பொருந்துவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

பட்டறைகளின் கூலிக் கணக்கு இதற்கு எதிராகவே இருக்கிறது. புதுப் பாகம் மாற்றினால் மெக்கானிக்குக்கு லாபமும் நேர மிச்சமும் உண்டு. நூல் பிடித்து, கண்ணாடி வைத்து, தளர்த்தி, அமுக்கி, மீண்டும் இறுக்கும் அரை நாள் வேலைக்கு பில் போட ஒரு பாகம்கூட இருக்காது. அந்த அரை நாளுக்குக் கூலி கொடுக்க வண்டிக்காரர் தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வேலை தெரிந்தவர்கள் அதைச் செய்வதை நிறுத்திவிடுவார்கள்.

வேலை முடிந்ததும் சரிபார்க்க வேண்டியவை சில: ஹேண்டில் இரு பக்கமும் தடையின்றித் திரும்புகிறதா, பிரேக் கேபிள் இழுபடுகிறதா, ஆயில் சீல் கசிகிறதா. பிறகு ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டம். கண்ணாடிக் கடையில் மிச்சம் விழும் ஒரு துண்டின் விலை, எந்தப் பழைய ஃபோர்க்கின் விலையையும்விடக் குறைவு. பிரஸ்ஸுக்குப் போகும் முன் அதை ஒருமுறை குறுக்கே வைத்துப் பார்க்கச் சொல்லலாம்.