லாரி கேபினுக்குள் பூஞ்சை: மழை மட்டும் காரணம் இல்லை! டிரைவர்களே உஷார்

நாமக்கல்:

லைன் லாரி டிரைவர்களுக்கு மாதத்தில் பாதி நாள் கேபின்தான் வீடு. சாப்பாடு, தூக்கம், துணி காயப்போடுவது எல்லாமே அந்த ஆறடி இடத்துக்குள்தான். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் போதும், அந்த வீட்டுக்குள் ஈரம் ஏறிவிடும். காலையில் கதவைத் திறந்ததும் குப்பென்று ஒரு வாடை. ரெக்சினில் கறுப்புப் புள்ளி. மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் பச்சைப் பொடி. பூசணம் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

பெரும்பாலானவர்கள் இதற்குச் செய்யும் வைத்தியம் என்ன? இரண்டு ஊதுவத்தி கொளுத்துவது, கற்பூரத்தைப் பொட்டலமாகக் கட்டித் தொங்கவிடுவது, கண்ணாடியை இறுக்கமாக ஏற்றிவிடுவது. முதல் இரண்டும் வாடையை மறைக்கும், அவ்வளவுதான். மூன்றாவது, பூஞ்சைக்கு நாமே தீனி போடுகிற வேலை.

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வண்டிகளுக்கு இந்தத் தொல்லை வருஷத்தில் இரண்டு தடவை. முட்டை லோடு ஏற்றிக்கொண்டு கேரளா போகிறவர்களுக்கு ஜூன் மாதமே மழை ஆரம்பித்துவிடும். அங்கே ஓய்ந்து முடிப்பதற்குள் இங்கே வடகிழக்குப் பருவமழை. மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில் கிடக்கும் ரிக் வண்டிக்காரர்கள் பாடு இதைவிட மோசம்.

உள்ளே இருக்கிற ஆளே தண்ணீர் டேங்க்

ஈரம் என்றதும் எல்லோரும் கூரையைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் மழையே பெய்யாத பனி ராத்திரியில்கூட, காலையில் முன் கண்ணாடி உள்பக்கம் தண்ணீர் வழிவதைப் பார்த்திருப்பீர்கள். அது எங்கிருந்து வந்தது? நம்ம மூச்சில் இருந்துதான்.

ஒரு ஆள் ராத்திரி முழுக்கத் தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் சுமார் கால் லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே போகிறது. டிரைவர், மாத்து டிரைவர் என்று இரண்டு பேர் படுத்தால் அரை லிட்டர். கண்ணாடியை மூடிவிட்டால் அது போவதற்கு வழி ஏது? குளிர்ந்த கண்ணாடியிலும் தகரத்திலும் பட்டு மறுபடி தண்ணீராகிறது. அங்கிருந்து வழிந்து மெத்தைக்கும் பிளைவுட்டுக்கும் போகிறது.

கேபினுக்குள் கேஸ் அடுப்பு பற்றவைத்தால் இன்னும் மோசம். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும். சோறு கொதிக்கிற ஆவி தனிக்கணக்கு. இதோடு நனைந்த லுங்கி, துண்டு, கால்மிதி வேறு. வெளியே ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும் உள்ளே மழைக்காலம்தான்.

அதனால் தூங்கும்போது இரண்டு பக்கக் கண்ணாடியையும் இரண்டு விரல் அளவு இறக்கி வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் இறக்கினால் காற்று ஓடாது. எதிரெதிரே இரண்டு வழி வேண்டும். சாரல் அடிக்கும் என்றால் கண்ணாடிக்கு மேலே ஒட்டுகிற வைசர் போட்டுக்கொள்ளலாம். கொசுவுக்குப் பயந்து மூடுகிறவர்கள் அந்த இடைவெளியில் வலைத்துணி செருகிக்கொண்டால் போதும்.

உயிருக்கே உலை

காற்று வழி வைக்கச் சொல்வதற்கு ஈரத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. 2024 டிசம்பரில் கேரள மாநிலம் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த கேரவன் வண்டிக்குள் 2 பேர் பிணமாகக் கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று பிறகு நடந்த ஆய்வில் தெரியவந்தது. இந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தலைவலி, மயக்கம், அப்புறம் தூக்கத்திலேயே கதை முடிந்துவிடும்.

ஆகவே குளிருக்கோ ஈரத்துக்கோ கேபினுக்குள் அடுப்பை எரியவிட்டுத் தூங்கவே கூடாது. கரி அடுப்பை உள்ளே கொண்டுவரவே வேண்டாம். இன்ஜினை ஓடவிட்டு, ஏசி போட்டு, கண்ணாடியை மூடிக்கொண்டு தூங்குவதும் ஆபத்து. சைலன்சர் ஓட்டையாக இருந்தால் புகை எந்த வழியாக உள்ளே வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஒழுகல் எங்கே? பேப்பர் காட்டிக்கொடுக்கும்

சரி, மழைத் தண்ணீரே உள்ளே வருகிறது என்றால்? ஈரம் தெரிகிற இடமும் ஓட்டை இருக்கிற இடமும் ஒன்றாக இருக்காது. கூரையில் கேரியர் போல்ட் வழியாக இறங்கிய தண்ணீர், ரெக்சினுக்குப் பின்னாடியே ஓடிவந்து கால்மாட்டில் வந்து நிற்கும்.

முன் கண்ணாடி ரப்பர், கதவு ரப்பர், கூரை கேரியர் போல்ட், வயர் போகிற துளை, கியர் ராடு உறை, பெடல் துளை. சந்தேகப்பட வேண்டிய இடங்கள் இவைதான். வைப்பருக்குக் கீழே இருக்கிற தண்ணீர் வடிகிற வழியில் இலை, குப்பை அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் உள்ளே திரும்பும். பட்டறையில் மரச்சட்டம் போட்டுக் கட்டிய பழைய கேபின் என்றால், மூலை ஜாயின்ட்டுகளையும் பார்க்க வேண்டும்.

கண்டுபிடிப்பது சுலபம். வெயில் நாளில் உள்ளே நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, ஓரங்களில் பழைய செய்தித்தாளை ஒட்டி வையுங்கள். ஒரு ஆள் வெளியே பைப்பில் தண்ணீர் விடட்டும். முதலில் கீழே, பிறகு கண்ணாடி, கடைசியாகக் கூரை. எடுத்ததுமே கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து எதுவும் தெரியாது. இன்னொரு ஆள் டார்ச்சோடு உள்ளே உட்கார்ந்து, எந்தப் பேப்பர் முதலில் நனைகிறது என்று பார்க்கட்டும். அங்கேதான் ஓட்டை.

அவசரப்பட்டு ஈரத்தின் மேலேயே சிலிகான் பேஸ்ட்டை அப்பிவிடாதீர்கள். உள்ளே மாட்டிய தண்ணீர் வெளியே வர முடியாமல் பிளைவுட்டை ஊறவைத்து, தகரத்தையும் அரித்துவிடும். காயவைத்து, பழைய பேஸ்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அடைக்க வேண்டும். வெடித்துப்போன ரப்பருக்கு பேஸ்ட் தாங்காது, ரப்பரை மாற்றியே ஆக வேண்டும். இது டிரைவர் கைக்காசில் செய்கிற வேலை அல்ல. ஓனர்கள் யோசிக்க வேண்டும். இன்றைக்கு ரப்பர் காசை மிச்சம் பிடித்தால், நாளைக்குத் தளமே மாற்றுகிற செலவு வரும்.

ஏசி வண்டியும் தப்பாது

புதிதாகத் தயாராகும் கனரக லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம் என்ற விதி 2025-ல் நடைமுறைக்கு வந்தது. ஏசி காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், உண்மைதான். ஆனால் இழுத்த தண்ணீர் வெளியே சொட்டுகிற சின்ன டியூப் அடைத்துக்கொண்டால், அத்தனையும் கால்மிதிக்கு அடியில்தான் வடியும். வண்டிக்கு வெளியே தண்ணீர் சொட்டுகிறதா என்று அவ்வப்போது குனிந்து பாருங்கள். வண்டியை நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே ஏசியை அணைத்துவிட்டு, பேனை மட்டும் ஓடவிட்டால் உள்ளே காய்ந்துவிடும். அந்தப் புளித்த வாடையும் குறையும்.

பூத்துவிட்டால் என்ன செய்வது?

நனைந்த பொருள் ஒன்றிரண்டு நாளில் காய்ந்துவிட்டால் பூஞ்சைக்கு இடமில்லை. அதற்கு மேல் ஈரமாகவே கிடந்தால் பூக்கும். கணக்கு இவ்வளவுதான்.

பூத்துவிட்டால், வண்டியை வெயிலில் நிறுத்தி கதவு இரண்டையும் திறந்துவிடுங்கள். மூக்கில் மாஸ்க் அவசியம். காய்ந்த பொடியைத் துடைப்பத்தால் தட்டவே கூடாது, பறந்து நேராக நெஞ்சுக்குள் போகும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கி எறிந்துவிடுங்கள். பிறகு முழுசாகக் காயவேண்டும்.

பிளீச்சிங் பவுடர் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ரெக்சின் மேலே இருக்கிற கறை போகும். மரத்துக்கும் பஞ்சுக்கும் உள்ளே இறங்கிய பூஞ்சை போகாது. தகரம் இருந்தால் துரு வேறு பிடிக்கும். பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டைக் கலந்துவிட்டால் விஷவாயு கிளம்பும், ஜாக்கிரதை.

ஸ்பாஞ்ச் மெத்தைக்குள் பூஞ்சை இறங்கிவிட்டால் அதைக் காப்பாற்ற முடியாது, மாற்றிவிடுங்கள். புது மெத்தையைப் பலகையோடு ஒட்டிப் போடாமல், அடியில் காற்று போகிற மாதிரி சின்னச் சட்டங்கள் வைத்துப் போடலாம். லோடு இறக்கக் காத்திருக்கும் நேரத்தில் மெத்தையை நிமிர்த்தி வைத்தாலே பாதி ஈரம் போய்விடும்.

இந்தப் பொடியை ராத்திரி முழுக்கச் சுவாசித்தால் தும்மல், இருமல், கண் எரிச்சல் வரும். வீசிங் இருக்கிறவர்களுக்கு மூச்சு இழுப்பு அதிகமாகும். தூக்கம் கெட்டு ஸ்டியரிங் பிடித்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எல்லா இருமலையும் கேபின் தலையில் கட்டிவிடவும் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அது டிபியாகவும் இருக்கலாம். பரிசோதனையும் மருந்தும் இலவசம்தான்.

எப்.சி.க்கு வண்டி பட்டறை ஏறும்போது பெயின்ட், லைட் எல்லாம் பார்க்கிறோம். அதே நேரத்தில் கால்மிதியை முழுசாகத் தூக்கித் தளத்தையும் பார்த்துவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பிளைவுட் சதக்கென்று உள்ளே போனால், அந்த இடத்தை அறுத்துவிட்டுப் புதுப் பலகை போட வேண்டியதுதான்.