எக்ஸ்-கதிரும் இன்சொல்லும்



ஜேர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் பேராசிரியர் ரொண்ட்கன் புதிய கதிரொன்றைக் கண்டார். இயல்பு விளங்காமையால் அதற்கு ‘எக்ஸ்’ எனப் பெயரிட்டார். காற்றகற்றிய குழாயில் விரைந்தோடும் இலத்திரன்கள் உலோகத்தில் மோதும்போது பிறக்கும் இக்கதிர், தசையை எளிதில் ஊடுருவும். எலும்பிலோ பெரிதும் தடைப்படும். அவ்வேறுபாடே படமாகிறது.

அளவு மீறின் இக்கதிர் உடலின் உயிரணுக்களுக்குத் தீங்கு செய்யும். ஆதலின் நேரத்தைக் குறைத்தல், தூரத்தை மிகுத்தல், ஈயத்தால் மறைத்தல் என்னும் மூன்று காப்புகளை இத்துறை மாணவர் முதற்கண் கற்பர். தூரம் இருமடங்கானால் கதிரின் செறிவு நாலில் ஒன்றாகும். நான்காவது காப்பும் ஒன்றுண்டு; அஃது இன்சொல்.

நீங்காத இருமலுடன் கொழுந்து பறிக்கும் தாயொருத்தி டிக்கோயா வைத்தியசாலைக்கு வருகிறாள் எனக் கொள்வோம். “மூச்சை நன்றாக இழுத்து நிறுத்துங்கள், அம்மா” என்று அவளுக்கு விளங்கும் தமிழில் சொன்னால் படம் தெளிவாகும். விளங்காமல் அசைந்தால் படம் மங்கும். மீண்டும் எடுக்க நேரும். அவள் ஏற்கும் கதிரும் இருமடங்காகும். கருவுற்றிருக்கிறாளா எனத் தனிமையில் மரியாதையுடன் கேட்பதும் இக்காப்பின் பாற்பட்டதே.

நேயர்கள் அஞ்ச வேண்டியதில்லை. நெஞ்சுப் படமொன்றின் கதிரளவு, மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் நாம் சில நாள்களில் இயல்பாகப் பெறுவதேயாம். அச்சத்தால் படத்தைத் தவிர்த்தாலோ, காசநோய் மறைந்திருந்து வளரும். லயத்தில் உடனுறைவோரையும் பற்றும்.

ஆகவே, அத்தாயின் மொழியறிந்த மலையகப் பிள்ளைகள் இத்துறை பயில முன்வருதல் வேண்டும்.