வீடு சிறிது, வேலை பெரிது! - கடற்கரைக் குடும்பத்தின் கணக்கு

காரைக்காலுக்கு வடக்கே, வங்கக் கடல் ஓரத்தில் இருக்கிறது திருவேட்டக்குடி.

சம்பந்தர் பாடிய ஊர் அது. சிவபெருமான் வேடனாக வந்த தலம் என்று பெயர் பெற்ற ஊர். மாசி மகத்தன்று சுவாமி கடலுக்கு எழுந்தருளுவார். அன்றைக்குக் கடற்கரை முழுவதும் திருவிழாக் கோலம்தான்!

திருவிழா ஒரு நாள். மற்ற நாட்களில் கடற்கரையில் என்ன பேச்சு?

"குழாயில் தண்ணீர் வந்துவிட்டதா, அக்கா?"

"இன்றைக்கு நெத்திலி பட்டதாமே!"

"பஸ் போய்விட்டதா?"

"வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. ஒரே வெக்கை!"

வீடு, தொழில், பயணம், வீட்டு வேலை. இந்த நாலும்தான் பேச்சு. எந்த ஊருக்குப் போனாலும் இதே பேச்சுதான்.

ஆனால் கடற்கரையில் ஒரு வேற்றுமை உண்டு. இங்கே இந்த நாலும் தனித்தனி அல்ல. ஒன்றை அசைத்தால், மற்ற மூன்றும் அசையும்!

எப்படி என்று பார்ப்போம்.

வீடா, பட்டறையா?

அலுவலகத்துக்குப் போகிறவருக்கு வீடு வேறு. வேலை செய்யும் இடம் வேறு. மாலையில் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால், வேலை முடிந்தது.

மீனவர் குடும்பத்துக்கு அப்படி அல்ல. பாதி வேலை கடலில். மீதிப் பாதி வீட்டில்.

வாசல் நிழலில் உட்கார்ந்து, கிழிந்த வலையைப் பொத்த வேண்டும். படகின் எஞ்சினைக் கரையில் விட்டுவிட்டு வர முடியாது. அதற்கு வீட்டில் ஒரு மூலை வேண்டும். விற்காமல் மீந்த மீனை உப்புப் போட்டுக் கருவாடாக்க வேண்டும். அதற்கு வெயில் விழும் முற்றம் வேண்டும். ஐஸ் பெட்டி, மீன் கூடை, கயிறு, மிதவை... எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வாசலில் நின்றால் கடல் தெரிய வேண்டும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது? அலை எப்படி இருக்கிறது? படகு வருகிறதா? இதை எல்லாம் வீட்டில் இருந்தபடியே பார்த்துத் தெரிந்துகொள்வது பழைய வழக்கம்.

ஆகையால்தான் அந்தக் காலத்துக் குடிசைகள் கடலை ஒட்டி இருந்தன. சவுக்குக் கழி, மூங்கில், தென்னங்கீற்று. அவ்வளவுதான் வீடு! உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் கீற்றை அடிக்கடி மாற்ற வேண்டும். தீப்பொறி பட்டால் போயிற்று. புயல் அடித்தால் கூரை பறந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை.

இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்கு அருகே, கடலுக்கு அடியில் பயங்கர பூகம்பம். அதன் அளவு 9-ஐத் தாண்டியது. அப்போது இந்திய நேரம் காலை 6.29.

இரண்டரை மணி நேரத்தில் சுனாமி அலை தமிழகக் கரைக்கு வந்து சேர்ந்துவிட்டது. எச்சரிக்கை சொல்ல ஆள் இல்லை. அப்போது இந்தியாவில் சுனாமி எச்சரிக்கை நிலையமே கிடையாது.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். காரைக்காலைச் சேர்த்து, புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் இறந்தவர்கள் ஏறத்தாழ 600 பேர். அவர்களில் பெரும்பாலோர் காரைக்கால் பகுதியினர். பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு போன்ற மீனவ ஊர்கள் கண்ணீரில் மிதந்தன.

கடலை ஒட்டி இருந்த வீடே எமனாயிற்று!

18 அடிக்கு 18 அடி

"இனி வீட்டைக் கடலுக்குத் தள்ளிக் கட்ட வேண்டும்" என்ற பேச்சு எழுந்தது.

கடற்கரையில் கட்டடம் கட்டுவதற்கு 1991-ம் ஆண்டிலேயே மத்திய அரசின் விதி இருந்தது. கிராமப்புறக் கரைகளில், உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புது வீடு கட்டக் கூடாது என்பது அந்த விதி. சுனாமிக்குப் பிறகு அது இறுகியது.

2005 மார்ச்சில் தமிழ்நாடு அரசு ஓர் உத்தரவு போட்டது. 200 மீட்டருக்குள் இருப்பவர்களை வெளியேறச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அரசு உதவியோடு புது வீடு வேண்டும் என்றால், தள்ளித்தான் போக வேண்டும்.

அரசும், உலக வங்கியும், தொண்டு நிறுவனங்களும் பணம் போட்டன. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஆயிரக்கணக்கான காங்கிரீட் வீடுகள் எழுந்தன.

தமிழ்நாட்டில் வகுத்த அளவு சுமார் 325 சதுர அடி. அதாவது, 18 அடி நீளம், 18 அடி அகலம்! அதற்குள்ளேயே அறை, சமையல் கட்டு, கழிப்பறை.

நல்லது நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. தீப்பிடிக்காத கூரை கிடைத்தது. புயலுக்குப் பயம் குறைந்தது. பெண்கள் இருட்டும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டிலேயே கழிப்பறை வந்தது. தமிழ்நாட்டில் பட்டாவைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதினார்கள். இது சின்ன விஷயம் அல்ல!

ஆனால் ஒன்றை மறந்துவிட்டார்கள். குடும்பத்துக்கு வீடு கட்டினார்கள். தொழிலுக்கு இடம் விடவில்லை. வலைக்கு எங்கே இடம்? கருவாட்டுக்கு எங்கே முற்றம்?

நடந்து தேயும் கால்கள்

வீடு நகர்ந்தது. படகு நகரவில்லை. அது கரையில்தான் நிற்கிறது.

வீட்டுக்கும் கடலுக்கும் அரைக் கிலோ மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவை போய் வந்தால் 3 கிலோ மீட்டர். தலையில் சுமை வேறு. மாதத்துக்குக் கணக்குப் பார்த்தால் 90 கிலோ மீட்டர்! இந்த நடைக்குக் கூலி யார் கொடுப்பார்கள்?

மீன் காத்திருக்காது. படகு கரைக்கு வந்ததும் ஏலம். ஏலம் எடுத்ததும் ஐஸ். உடனே சந்தை. கொஞ்சம் பிந்தினால் விலை சரியும்.

கடலில் பிடிப்பது ஆண்கள். கரையில் விற்பது பெரும்பாலும் பெண்கள். விடியும் முன் எழுந்து, அடுப்பு மூட்டி, தண்ணீர் பிடித்து, பிள்ளைகளுக்குச் சோறு கட்டி வைத்துவிட்டு, கரைக்கு ஓட வேண்டும். முன்பெல்லாம் ஏலத்துக்கு நடுவே வீட்டுக்கு ஓடி வந்து உலையைப் பார்த்துவிட்டுப் போகலாம். தூரம் கூடினால் அது முடியாது. ஆக, தூரம் கூடும்போது அதிகம் பாரம் சுமப்பவள் வீட்டுக்காரிதான்.

கூடைக்கு இடம் உண்டா?

அடுத்தது பயணம்.

காரைக்கால் நெடுங்காலம் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. 1954 நவம்பர் 1-ந் தேதி இந்திய ஆட்சிக்குள் வந்தது. இன்று புதுச்சேரி ஆட்சியில் இருக்கிறது. சுற்றிலும் தமிழ்நாடு! திருவேட்டக்குடியிலிருந்து வடக்கே போய் நண்டலாற்றைத் தாண்டினால், பொறையாறு. அது தமிழ்நாடு. தெற்கே போனால் காரைக்கால் சந்தை. மீன் கூடைக்கு எல்லை ஏது? விற்கிற இடத்துக்குப் போக வேண்டியதுதான்.

பஸ்ஸில் ஏறினால், சிலர் முகம் சுளிப்பார்கள். "வாடை அடிக்கிறது" என்பார்கள்.

2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில் நடந்தது நினைவிருக்கும். மீன் விற்றுவிட்டு வந்த ஒரு மூதாட்டியைப் பஸ்ஸை விட்டு இறக்கிவிட்டார்கள். அவர் பஸ் நிலையத்தில் நின்று நியாயம் கேட்டார். நாடே பார்த்தது! முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் கண்டித்தார். பஸ் ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

ஷேர் ஆட்டோவில் போகலாமே என்பீர்கள். போகலாம். கட்டணம் போக மிச்சம் என்ன நிற்கும் என்பதுதான் கேள்வி.

திருவேட்டக்குடியில் இன்று ஒரு பெரிய கல்வி நிலையமும் இருக்கிறது. 2010-ல் தொடங்கிய புதுச்சேரி தேசிய தொழில்நுட்பக் கழகத்தின் வளாகம் இங்கேதான். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். புத்தகப் பை போகும் அதே ரோட்டில்தான் மீன் கூடையும் போகிறது. இரண்டும் உழைப்புத்தானே!

வெக்கையை விரட்டும் வழி

கீற்று வீட்டில் இல்லாத ஒரு தொல்லை, காங்கிரீட் வீட்டில் உண்டு. தட்டைக் கூரை பகல் முழுவதும் வெயிலைக் குடிக்கும். ராத்திரியில் அதைக் கக்கும்! புது வீடு கட்ட நிலத்தைச் சமப்படுத்தியபோது, பல இடங்களில் மரங்களும் போய்விட்டன. நிழல் இல்லை, வலை பொத்த இடமும் இல்லை.

மக்கள் சும்மா இருக்கவில்லை. வாசலில் கீற்றுப் பந்தல் போட்டார்கள். அங்கே வலை வந்தது. ஐஸ் பெட்டி வந்தது. சாயங்காலப் பேச்சும் வந்தது!

சிறிய காங்கிரீட் வீட்டில் இருப்பவர்கள், எந்த ஊரானாலும் இவற்றைச் செய்து பார்க்கலாம்:

மொட்டை மாடியில் கோடைக்கு முன் வெள்ளைச் சுண்ணாம்பு பூசுங்கள். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும்.

மேற்குப் பக்கம் ஒரு மரம் வையுங்கள். கடற்கரைக்குப் புன்னை, பூவரசு, வேம்பு ஏற்றவை. மாலை வெயில் சுவரில் விழாது.

எதிர் எதிர் ஜன்னல்களை ராத்திரியில் திறந்து வையுங்கள். காற்று உள்ளே வந்து வெளியே போகும்.

தரையை அடைக்காதீர்கள். சுவரின் மேல்புறம் பரண் போடுங்கள்.

பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தென்னைக்கோ வாழைக்கோ திருப்பிவிடுங்கள்.

61 நாள் சோதனை

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை. மீன் குஞ்சு பொரித்துப் பெருகுவதற்காக இந்த ஏற்பாடு. கட்டுமரம், நாட்டுப் படகுகளுக்கு விலக்கு உண்டு.

விசைப்படகை நம்பிய வீட்டில் அந்த 61 நாளும் வரவு சுருங்கும். அரிசி, பள்ளிக்கூடச் செலவு, கடன் வட்டி... எதுவும் சுருங்காது. அப்போது கைகொடுப்பது முன்பே உலர்த்தி வைத்த கருவாடு. அதற்கு வேண்டியதும் அதே முற்றம்தான்!

யாரைக் கேட்க வேண்டும்?

"அப்படியானால் கடல் ஓரத்துக்கே திரும்பிப் போகலாமா?"

உயிரைவிடத் தொழில் பெரிதல்ல. அதே சமயம், தொழில் இல்லாமல் உயிர் வாழ முடியாது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2007 முதல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் இரவு பகலாக வேலை செய்கிறது. கடற்கரை விதியும் 2011-ல் திருத்தப்பட்டது. பரம்பரையாகக் கரையில் வாழ்கிறவர்கள் 100 மீட்டருக்கு அப்பால் வீடு கட்டிக்கொள்ள வழி பிறந்தது.

வீடு தள்ளி இருந்தால் இருக்கட்டும். கரையில் வலைக்கு ஒரு கொட்டகை, எஞ்சினுக்கு ஒரு பூட்டிய அறை, கருவாட்டுக்கு ஒரு களம் கட்டிக் கொடுக்கலாம். ஏல நேரத்துக்கு ஒரு பஸ் விடலாம். அதில் கூடைக்கும் இடம் ஒதுக்கலாம். செலவு கொஞ்சம்தான். மிச்சமாவது ஒரு குடும்பத்தின் பாதி உழைப்பு!

வீடு கட்டுகிறவர்கள் என்ஜினீயரைக் கேட்கிறார்கள். மேஸ்திரியைக் கேட்கிறார்கள். அந்த வீட்டில் அடுப்பு மூட்டி, அங்கிருந்து கூடை தூக்கிப் புறப்படும் பெண்ணையும் ஒரு வார்த்தை கேட்கட்டும். அடுப்பை எங்கே வைப்பது, முற்றத்தை எங்கே விடுவது என்று அவள் சொல்லிவிடுவாள்!