ஐவரும் ஒரே கப்பலில்

உத்தரிக்கிற ஆன்மாக்களை நினைவுகூரும் இந்த நவம்பர் மாதத்தில், ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் வரலாற்றை நம் வாசகக் குடும்பங்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் பேரா என்றொரு தீபகற்பம் உண்டு. 1840-களில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் விளைந்தபோது அத்தீவினின்று கடல் கடந்தோர் பலர். சல்லிவன் குடும்பத்தாரும் அமெரிக்கா சென்று, அயோவா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள ஹார்ப்பர்ஸ் ஃபெரி என்னும் சிற்றூரில் உழுது பயிரிட்டு வாழ்ந்தனர். அக்குடியானவர் மரபில் வந்த தாமஸ், ஏரை விட்டு இரயில்வே பணியை நாடி வாட்டர்லூ நகரில் குடியேறினார். அவருக்கும் மனைவி அலேட்டாவுக்கும் ஜார்ஜ், பிரான்சிஸ், ஜோசப், மேடிசன், ஆல்பர்ட் என ஐந்து புதல்வர். ஜெனவீவ் என்றொரு புதல்வி.

மூத்தவர் இருவரும் முன்னரே கடற்படையில் பணியாற்றித் திரும்பியவர்கள். 1941 டிசம்பர் 7-இல் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டபோது அவர்களுடைய நண்பர் ஒருவர் அங்கே மாண்டார். உடனே ஐவரும் கடற்படையில் சேர முன்வந்தனர். தங்களை ஒரே கப்பலில் அமர்த்த வேண்டும் என்பதே அவர்கள் விதித்த நிபந்தனை. கடைக்குட்டி ஆல்பர்ட்டுக்கு அப்போது மனைவியும் கைக்குழந்தையும் இருந்தனர்.

1942 நவம்பர் 13. சாலமோன் தீவுகளில் குவாடல்கனால் அருகே, இரவுப் போரில் சேதமுற்றுத் திரும்பிக்கொண்டிருந்த ஜூனோ கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று தாக்கியது. கப்பல் வெடித்து நொடிகளில் மூழ்கியது. ஏறத்தாழ நூறு பேர் நீரில் உயிரோடு மிதந்தனர். உதவி வருவதற்குள் ஒரு வாரம் கடந்துவிட, அவர்களுள் பத்துப் பேரே பிழைத்தனர். மூத்தவர் ஜார்ஜ் மிதவைகளிடையே தம் தம்பியரைத் தேடினார் என்று பிழைத்தவர்கள் பின்னர் கூறினர். சில நாட்களில் அவரும் மாண்டார்.

மக்கபே ஆகமத்தில் ஏழு மக்களைப் பறிகொடுத்த அன்னையைப் பற்றித் திருப்பலியில் வாசிக்கக் கேட்டிருக்கிறோம். அவள் யாவற்றையும் நேரில் கண்டாள். அலேட்டாவுக்கோ கடிதங்கள் நின்றுபோயின. ஊரில் வதந்தி மட்டுமே உலவியது. 1943 ஜனவரியில் அவரே கடற்படைக்கு எழுதினார். அடுத்த மாதம் டவாசா என்னும் புதுக் கப்பலுக்குப் பெயரிடும் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டிருந்தது. மக்களுக்கு எது நேர்ந்திருப்பினும், அவர்களின் விருப்பப்படியே அதைச் செய்துமுடிப்பதாக அக்கடிதத்தில் குறிப்பிட்டிருந்தார், அவ்வாறே செய்தார்.

ஜனவரி 12-ஆம் நாள் காலை, அதிகாரிகள் வீட்டு வாயிலில் வந்து நின்றனர். எந்த மகன் என்று தந்தை வினவினார். ஐவரும் என்று விடை வந்தது. அன்றும் தாமஸ் தம் சரக்கு இரயிலுக்குப் பணிக்குச் சென்றார். இதைக் கல்நெஞ்சம் என்பார் இருக்கக்கூடும். துக்க வீடுகள் பல கண்ட நாம் அப்படி எண்ணோம்.

திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் வெள்ளிப் பதக்கமும் செபமாலையும் அனுப்பி அவர்களைத் தேற்றினார். ஜெனவீவ் கடற்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்தாள். இந்நிகழ்ச்சிக்குப்பின் சகோதரர் ஒரே கப்பலில் பணிபுரிவதைச் சட்டமே தடை செய்தது என்று பலரும் நம்புகின்றனர். அது தவறு; அப்படியொரு சட்டம் இயற்றப்படவில்லை. போரில் பிள்ளையை இழந்த வீட்டில் எஞ்சிய ஒரே மகனுக்குக் கட்டாயப் படைச்சேவையினின்று விலக்கு அளிக்கப்பட்டது 1948-இல்தான்.

1943 ஏப்ரலில் சல்லிவன் சகோதரர் பெயர் தாங்கிய போர்க்கப்பலை அத்தாயே நீரில் இறக்கி வைத்தார். தந்தையின் முகம் அறியாமல் வளர்ந்த ஆல்பர்ட்டின் மகன், பின்னாளில் அக்கப்பலிலேயே பணியாற்றினான். 1995-இல் அதே பெயரில் இன்னொரு கப்பல் கடலில் இறங்கியபோது, பெயர் சூட்டியவர் ஆல்பர்ட்டின் பேத்தி.

ஆழ்கடலில் கிடந்த ஜூனோவை ஆய்வாளர் கண்டெடுத்தது 2018 மார்ச் 17-இல். அயர்லாந்தின் பாதுகாவலரான புனித பத்ரீசியாரின் திருநாளன்று.