உங்க ஊரு ஜாலியான ஊரா? வாங்க, அளந்து பார்த்துடலாம்!

"ஏலே, நம்ம ஊர்ல என்னலே இருக்கு?"

தூத்துக்குடி, நெல்லைப் பக்கத்துப் பசங்களோட வாட்ஸ்அப் குரூப் எதை வேண்டுமானாலும் திறந்து பாருங்க. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இந்தக் கேள்வி தவறாமல் வந்து விழுந்திருக்கும். சென்னைக்கு வேலைக்குப் போன நண்பன் பெசன்ட் நகர் பீச்சில் நின்னு போட்டோ போட்டிருப்பான். பெங்களூருக்குப் போன தோழி ஏதோ ஒரு கஃபேயில் இருந்து ஸ்டேட்டஸ் வச்சிருப்பா. ஊரிலேயே இருக்குற நீங்க அதைப் பார்த்துட்டு, போனைக் கவுத்து வச்சிட்டு, "இங்க ஒண்ணுமே இல்லப்பா"னு பெருமூச்சு விட்டிருப்பீங்க.

சரி, ஒரு ஊர் ஜாலியா, போரானு முடிவு பண்றது யாரு? அதை அளக்க முடியுமா? முடியும்னு சொல்லித்தான் உலகம் முழுக்க வருஷா வருஷம் பட்டியல் போடுறாங்க. அந்த மார்க் எப்படிப் போடுறாங்க, அதில் எது விட்டுப்போகுதுனு முதலில் பார்ப்போம். அப்புறம் எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு ஊரை எடுத்து நாமே அளந்து பார்ப்போம். தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஆழ்வார்திருநகரிதான் அந்த ஊர்.

மார்க் போடுறது யாருக்காக?

'உலகத்திலேயே வாழச் சிறந்த நகரம் வியன்னா'னு செய்தி படிச்சிருப்பீங்க. எகனாமிஸ்ட் இன்டலிஜென்ஸ் யூனிட் போடும் பட்டியல் அது. 173 நகரங்கள். 2022, 2023, 2024 மூணு வருஷமும் வியன்னாதான் முதலிடம். 2025-ல் கோபன்ஹேகன் முந்திக்கிச்சு.

அவங்க மார்க் போடும் முறை இது: நூற்றுக்கு 25 பங்கு நிலைத்தன்மைக்கு, அதாவது குற்றம், கலவரம், போர் பயம் இல்லாம இருக்கணும். 25 பங்கு கலாசாரம், சுற்றுச்சூழலுக்கு. மருத்துவம் 20, சாலை, தண்ணீர், போக்குவரத்து மாதிரியான கட்டமைப்பு 20, கல்வி 10. அந்தக் கலாசாரப் பங்குக்குள்ளதான் சாப்பாடு, விளையாட்டு, கலை எல்லாம் வருது. கூடவே வெயிலும் புழுக்கமும் எவ்வளவுனும் பார்க்கிறாங்க. நம்ம தூத்துக்குடி வியர்வைக்கு அங்கேயே மார்க் போயிடும்!

இந்தப் பட்டியலோட ஒரு முக்கியமான உபயோகம் வேற. ஒரு கம்பெனி தன் ஊழியரை வெளிநாட்டு ஊருக்கு அனுப்பும்போது 'கஷ்டப்படி' எவ்வளவு தரலாம்னு இதை வச்சுக் கணக்குப் போடலாம். 80 மார்க்குக்கு மேல எடுத்த ஊருன்னா படி எதுவும் தேவையில்லை. 50-க்குக் கீழேன்னா சம்பளத்தில் 20 சதவிகிதம் கூடுதலா கொடுங்கனு பரிந்துரை. அப்படின்னா அந்த மார்க் உண்மையில் அளப்பது, அந்த ஊரில் ஒரு வெளியாளுக்கு எவ்வளவு தொல்லை குறைவு என்பதை. தொல்லை இல்லாததும் ஜாலியா இருப்பதும் ஒண்ணா?

நம்ம நாட்டிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2021 மார்ச்சில் வெளியிட்ட 'வாழ்வதற்கு எளிதான நகரங்கள்' பட்டியல். 111 நகரங்கள், 49 அளவுகோல்கள். பத்து லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரங்களில் பெங்களூரு முதலிடம், சென்னை நாலாவது, கோவை ஏழாவது. சின்ன நகரங்களில் சிம்லா முதலிடம், சேலம் ஐந்து, வேலூர் ஆறு, திருச்சி பத்து. இதில் ஒரு நல்ல விஷயம், 30 சதவிகித மார்க் அந்தந்த ஊர் மக்கள் சொன்ன கருத்துக்கு. பொழுதுபோக்குக்கும் தனியா ஒரு தலைப்பு இருந்துச்சு. ஆனா அங்கே எண்ணப்பட்டது திறந்தவெளி எவ்வளவு, பொழுதுபோக்கு வசதி எத்தனை என்பதுதான். அந்தப் பூங்காவில் சாயங்காலம் யாராவது உட்கார்ந்திருந்தாங்களா என்பது வேற கேள்வி.

அதோட, இது நகரங்களுக்கான பரீட்சை. ஆழ்வார்திருநகரி ஒரு பேரூராட்சி. அதுக்கு ஹால் டிக்கெட்டே கிடையாது.

எண்ணிக்கை எங்கே ஏமாத்தும்?

சும்மா ஒரு கணக்குப் போடுவோம். பத்தாயிரம் பேர் இருக்குற ஊரில் ஒரு பூங்கா. லட்சம் பேருக்கு எத்தனைனு பார்த்தா பத்து. ஐம்பது லட்சம் பேர் இருக்குற நகரத்தில் 200 பூங்கா. லட்சம் பேருக்கு வெறும் நாலு. பேப்பரில் சின்ன ஊர்தான் ஜெயிக்கும். ஆனா அந்த ஒத்தைப் பூங்கா பிடிக்கலைன்னா சின்ன ஊர்க்காரருக்கு வேற வழியில்லை. நகரத்துக்காரருக்கு இன்னும் 199 இருக்கு. தலைக்கு எத்தனை என்பது வேற, தேர்ந்தெடுக்க எத்தனை என்பது வேற.

இன்னொரு ஏமாத்து வேலை, சுற்றுலா வர்றவரோட மார்க்கையும் உள்ளூர்க்காரரோட மார்க்கையும் கலப்பது. சுற்றுலாப் பயணி ஒரு ஊரோட உச்சத்தைப் பார்க்க வர்றார். திருவிழா, சீசன், நல்ல ஹோட்டல். உள்ளூர்க்காரர் அதே ஊரோட சாதாரண செவ்வாய்க்கிழமையில் வாழ்றார். வருஷத்தில் 52 செவ்வாய்க்கிழமை வருது. திருவிழா அப்படி வருமா?

இதை நம்ம கடற்கரை முத்து வியாபாரிங்க எப்பவோ புரிஞ்சுவச்சிருந்தாங்க. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், குளிப்பை அறிவிக்கும் முன்னாடி மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பியை எடுத்துவந்து உடைச்சுப் பார்த்து மதிப்புப் போடுவாங்க. கிடைச்ச முத்தைப் பல அளவுத் துளைகள் போட்ட சல்லடைகளில் சலிச்சு, பெரிசு சின்னதுனு பிரிப்பாங்க. ஆனா வேலை அதோட முடியாது. உருண்டை சரியா இருக்கா, ஒளி எப்படினு கண்ணால பார்த்துத்தான் விலை. சல்லடை அளவைச் சொல்லும், ஒளியைச் சொல்லாது. நகரப் பட்டியல்கள் எல்லாமே சல்லடைதான். தேவைதான், ஆனா பாதி வேலை.

மீதி வேலையை எப்படிச் செய்யுறது? 1970-களில் நியூயார்க்கில் வில்லியம் ஒயிட் என்பவர் ஒரு வழி காட்டினார். நகரத்துச் சதுக்கங்களில் கேமராவை வச்சு, யார் வர்றாங்க, எங்கே உட்கார்றாங்க, எவ்வளவு நேரம் இருக்காங்கனு பொறுமையா எண்ணினார். 1980-ல் அதைப் புத்தகமாவும் படமாவும் கொண்டுவந்தார். அழகான சதுக்கம் காலியா கிடந்துச்சு, சுமாரான சதுக்கம் நிரம்பி வழிஞ்சுது. காரணம் ரொம்ப சிம்பிள். உட்கார இடம் இருந்தா ஆள் உட்கார்றாங்க. ஆள் இருக்குற இடத்துக்குத்தான் மேலும் ஆள் வர்றாங்க. அவர் கவனிச்ச இன்னொரு விஷயம், நல்லா ஓடுற இடங்களில் பெண்களோட பங்கு சராசரியை விட அதிகம். உட்காரும் இடத்தைப் பெண்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறாங்க. அதனால பெண்கள் குறைஞ்சா, அந்த இடத்தில் ஏதோ சரியில்லைனு அர்த்தம்.

இந்தக் கண்ணோட இப்போ ஆழ்வார்திருநகரிக்குப் போவோம்.

ஒரே தெரு, ரெண்டு ஊர்

மால் கிடையாது, மல்டிபிளெக்ஸ் கிடையாது. நம்மாழ்வார் பிறந்த ஊர். பழைய பேர் திருக்குருகூர். ஆதிநாதர் கோயில், அதுக்குள்ள 'உறங்காப்புளி'னு சொல்லும் புளியமரம், பக்கத்தில் ஆறு. நவதிருப்பதி சுற்றிப் பார்க்க வர்றவங்க ஒரு மணி நேரம் நின்னு சேவிச்சுட்டு அடுத்த கோயிலுக்கு வண்டி ஏறிடுவாங்க.

ஆனா வைகாசியில் வந்து பாருங்க. நம்மாழ்வாரோட திருநட்சத்திரமான வைகாசி விசாகத்தை ஒட்டி நடக்கும் உற்சவத்தின் அஞ்சாம் நாள், சுத்தியுள்ள நவதிருப்பதிப் பெருமாள்கள் எல்லாரும் இந்த ஊருக்கு வந்து சேருவாங்க. ராத்திரி ஒன்பது பேரும் ஒன்பது கருட வாகனத்தில் வரிசையா வர, நம்மாழ்வார் அன்ன வாகனத்தில் வருவார். தெரு முழுக்க ஜனம். அக்கா, அத்தை, ஆச்சி, காலேஜ் பொண்ணுங்க எல்லாரும் ராத்திரி நெடுநேரம் வரைக்கும் வாசல் திண்ணையிலும் கடை ஓரத்திலும் இருப்பாங்க. "இந்நேரத்துக்கு எங்க போற?"னு யாரும் கேக்க மாட்டாங்க.

அடுத்த செவ்வாய்க்கிழமை? தெரு அதேதான். கல்லும் மண்ணும் மாறலை. ஆனா ராத்திரி எட்டு மணிக்கு அதே பொண்ணு அதே தெருவில் சும்மா ரெண்டு நிமிஷம் நின்னா, வீட்டில் இருந்து போன் வந்துடும். பசங்களுக்கு அப்பவும் டீக்கடை பெஞ்ச் இருக்கு, ஆத்துப்படி இருக்கு. பொண்ணுங்களுக்கு 'வேலை' இருந்தாத்தான் வெளியே வர முடியும். இது ஆழ்வார்திருநகரிக்கு மட்டும் உள்ள குறை இல்லை. நம்ம ஊர் எல்லாத்துக்கும் உள்ளதுதான், பெருநகரத்துக்கும் சேர்த்து. மும்பையை வச்சு ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூணு பேரும் சேர்ந்து 2011-ல் 'ஒய் லாய்ட்டர்?'னு ஒரு புத்தகமே எழுதினாங்க. காரணம் எதுவும் சொல்லாம, சும்மா வெளியே நிக்கிறதும் ஒரு உரிமைதான்னு வாதாடின புத்தகம் அது.

அதனால "உங்க ஊர் ஜாலியா?"னு கேட்டா, "யாருக்கு?"னு திருப்பிக் கேளுங்க. பாதிப் பேருக்கு மட்டும் ஜாலியா இருக்குற ஊருக்கு முழு மார்க் போட முடியாது. அதே சமயம் அந்தக் கருட சேவை ராத்திரி நமக்கு ஒண்ணு காட்டுது. வெளிச்சம், திறந்திருக்கும் கடை, உட்கார இடம், கூடவே நாலு பெண்கள் இருந்தா அதே தெரு எல்லாருக்கும் ஜாலியாகும். அதுக்குக் கோடிக்கணக்கில் மால் கட்ட வேண்டாம்.

ஊர் எல்லை எங்கே முடியுது?

இன்னொரு தப்பும் நாம செய்யுறோம். ஊரோட ஜாலியை ஊர் எல்லைக்குள்ளேயே தேடுறோம். திருநெல்வேலி - திருச்செந்தூர் ரயில் பாதையில் ஆழ்வார்திருநகரி ஒரு ஸ்டேஷன். அடுத்த பெரிய ஸ்டேஷன் நாசரேத், அப்புறம் காயல்பட்டினம், கடைசியில் திருச்செந்தூர் கடற்கரை. பெருமாள் கோயில், சர்ச், பள்ளிவாசல், முருகன் கோயில் எல்லாம் ஒரே தண்டவாளத்தில். எதிர்த்திசையில் ஏறினா திருநெல்வேலி, அல்வா. திருச்செந்தூரில் இறங்கி பஸ் பிடிச்சா குலசேகரப்பட்டினம் தசரா. தூத்துக்குடிக்குப் போனா பனிமய மாதா திருவிழா, முத்துநகர் பீச், ஒரு பொட்டலம் மக்ரூன். இப்படி ஒரு வட்டம் போட்டுப் பார்த்தா "இங்க ஒண்ணுமே இல்லை"னு சொல்ல வாய் வராது.

ஆனா அந்த வட்டம் எவ்வளவு பெரிசு என்பதை முடிவு பண்றது ஒரே ஒரு விஷயம்: திரும்பி வர கடைசி வண்டி எத்தனை மணிக்கு? கடைசி பஸ் சீக்கிரம் போயிட்டா, பைக் வச்சிருக்குற பசங்களுக்கு மட்டும்தான் பீச். 2021 மே மாதம் தமிழக அரசு சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கொண்டுவந்ததை நாம வேலை, படிப்புக் கணக்கில்தான் பேசுறோம். ஒரு பொண்ணு வீட்டில் காசு கேக்காம தோழியைப் பார்க்கப் போக முடிஞ்சதும் அந்தக் கணக்கில் சேரணும்.

அப்போ சாலை, வடிகால், ஆஸ்பத்திரினு மார்க் போடுற பட்டியல்கள் வேஸ்ட்டா? இல்லவே இல்லை. 2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் இருந்து கிளம்பின ரயில், சுமார் 800 பயணிகளோட ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கிச்சு. ஊருக்குள்ள தண்ணி நிக்கும்போது யாரும் ஜாலியைத் தேட மாட்டாங்க. அடிப்படை வசதி அஸ்திவாரம். அஸ்திவாரத்தை மட்டும் அளந்துட்டு வீடு அழகா இருக்குனு சொல்லக்கூடாது, அவ்வளவுதான்.

நீங்களே மார்க் போடுங்க

அடுத்த வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, போனில் நோட்ஸ் ஆப்பைத் திறந்து இந்த அஞ்சையும் குறிச்சுப் பாருங்க. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மார்க்.

1. பைசா செலவில்லாம, யாரும் விரட்டாம, ஒரு மணி நேரம் உட்கார இடம் இருக்கா? ஆத்துப்படி, கோயில் மண்டபம், லைப்ரரி, பூங்கா எதுவானாலும் சரி.

2. ராத்திரி எட்டு மணிக்கு அந்த இடத்தில் பத்துப் பேர் இருந்தா, அதில் பெண்கள் எத்தனை பேர்? நாலுக்கு மேல இருந்தா முழு மார்க். ஒருத்தர்கூட இல்லைன்னா பூஜ்யம்.

3. தனியாப் போனாலும் சங்கடம் இல்லாம டீயோ பரோட்டாவோ சாப்பிட முடியுமா? உங்க அக்காவாலும் முடியுமா?

4. ஒரு மணி நேரத் தூரத்தில் வேற மாதிரி ஒரு இடம் இருக்கா? அங்கே இருந்து திரும்ப ராத்திரி வண்டி இருக்கா?

5. கடைசி ஒரு மாசத்தில், பிளான் பண்ணாம யாரையாவது வழியில் பார்த்து, நின்னு பேசிச் சிரிச்சீங்களா?

உங்க ஊருக்குப் போட்டுட்டு, சென்னையிலோ பெங்களூரிலோ இருக்குற நண்பரையும் அவர் ஏரியாவுக்குப் போடச் சொல்லுங்க. அஞ்சாவது கேள்வியில் பல பெருநகரவாசிங்க தடுமாறுவாங்க. ரெண்டாவது கேள்வியில் நாம தடுமாறுவோம். எந்த மார்க் குறையுதோ அதுதான் ஊர்ல கேட்டு வாங்க வேண்டிய விஷயம்: ஒரு தெருவிளக்கு, நாலு பெஞ்ச், ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பஸ். பேரூராட்சிக் கூட்டத்தில் "எங்க ஊரை ஜாலியாக்குங்க"னு கேட்டா சிரிப்பாங்க. "ஆத்துப்படிக்கு ரெண்டு லைட் போடுங்க"னு கேட்டா மனுவை வாங்கிக்குவாங்க.

அடுத்த முறை குரூப்பில் "நம்ம ஊர்ல என்னலே இருக்கு?"னு யாராவது கேட்டா, பெருமூச்சு விடாதீங்க. பத்துக்கு எத்தனைனு மார்க்கை அனுப்புங்க.