குந்திக்கு ஏன் ரதம் இல்லை?

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிறவர்கள் ஐந்து ரதங்களைப் பார்க்காமல் திரும்புவதில்லை. தர்மராஜனுக்கு ஒன்று, பீமனுக்கு ஒன்று, அர்ச்சுனனுக்கு ஒன்று, நகுல சகாதேவர்களுக்கு ஒன்று, திரௌபதிக்கு ஒன்று. பல்லவர் செதுக்கிய அந்தக் கற்கோயில்களுக்கு இப்பெயர்கள் பிற்காலத்து ஜனங்கள் இட்டவைதாம். இருந்தாலும், பெற்ற தாய் குந்தியை மறந்துவிட்டார்கள், பாருங்கள்! மூத்த பிள்ளை கர்ணனுக்கும் அங்கே இடமில்லை.

கூத்துக்காரர்கள் மறக்கவில்லை. தொண்டை நாட்டுக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் 'கர்ண மோட்சம்' விடிய விடிய நடக்கும். கன்னிப் பருவத்தில் பெற்ற குழந்தையைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்டவள் குந்தி. அது தேரோட்டி வீட்டில் வளர்ந்தது. சபை நடுவே அவனைக் குலம் கேட்டு அவமதித்தபோது, விடை தெரிந்த தாய் வாய் திறக்கவில்லை. 'மகனே!' என்று ஊரறிய அழுதது, அவன் களத்தில் சாய்ந்த பிறகுதான்.

அப்படியானால் தாய் ரகசியம் காப்பதே தவறா? இந்தக் கேள்விக்கு நம் காலத்தில் இரண்டு விதமாகக் கதை எழுதிப் பார்த்தவர் ஜெயகாந்தன்.

1966-ல் ஆனந்த விகடனில் வந்தது 'அக்கினிப் பிரவேசம்'. மழையில் பஸ்ஸுக்கு நின்ற ஏழைக் கல்லூரிப் பெண்ணைப் பெரிய காரில் வந்த ஒருவன் கெடுத்துவிடுகிறான். அழுதுகொண்டு வந்த மகளின் தலையில் அம்மா தண்ணீரைக் கொட்டி, 'நீ சுத்தமாகிவிட்டாய், யாரிடமும் சொல்லாதே' என்கிற பாவனையில் தேற்றுகிறாள். அடேயப்பா, வாசகர்களிடையே எத்தனை வாதப் பிரதிவாதம்!

'சரி, அம்மா மறைக்காமல் கூச்சலிட்டிருந்தால்?' என்று யோசித்தார் ஆசிரியர். பிறந்தது, 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-ல் சாகித்ய அகாடமி பரிசு பெற்ற நாவல். இதில் விஷயம் வெளியே வர, அண்ணனே கங்காவை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். படித்து, பெரிய உத்தியோகம் பார்த்தும் ஊர்ப்பேச்சு அவளை விடவில்லை. பத்திரிகையில் வந்த அந்தப் பழைய சிறுகதையைக் கங்காவே படித்துவிட்டு அம்மாவிடம் கொடுக்கிறாளே, அந்த இடத்தில் கண் கலங்காத தாய்மார் உண்டா?

குந்தி மறைத்தாள், மகன் அழிந்தான். சிறுகதை அம்மா மறைத்தாள், மகள் பிழைத்தாள். வித்தியாசம் எங்கே? முன்னவள் தன் பெயரைக் காக்க மறைத்தாள். பின்னவள் பெண்ணின் வாழ்வைக் காக்க மறைத்தாள்.

இன்னொன்றும் உண்டு. சூரிய பகவானை யாரும் விசாரிக்கவில்லை. காரில் வந்த கனவானையும் யாரும் விசாரிக்கவில்லை. கேள்வியெல்லாம் தேரோட்டி வீட்டுப் பிள்ளைக்கும் ஏழை வீட்டுப் பெண்ணுக்கும்தான்!

வீட்டுக்கு வீடு ஏதோ ஒரு ரகசியம் இருக்கத்தான் செய்யும். அது குடும்ப மானத்துக்குத் திரையா, குழந்தைக்குக் குடையா என்பதைத் தாய்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.